ஐம்பத்து மூன்றாம் பக்கம்

தார்த்து நகரம், அறுபத்தெட்டு, பிப்ரவரி.
அச்சகத்து இரண்டாம் மாடியில்
உருகும் ஈயமும் ஈரக் கம்பளியும் நாறும் அறையில்
வைக்கே மெய்ப்புத் திருத்துகிறாள்.

இந்தக் குளிர்காலத்தில்
அவள் கையைக் கடக்கும் ஏழாவது இயந்திரம் இது.
ஒன்று ஊரை எரித்தது.
இரண்டு காதலித்தன.
ஒன்று கடவுளாகி, மின்சாரம் போனதும் செத்தது.
காற்புள்ளிக்குத் தவிர
எதற்கும் அவள் பென்சில் நின்றதில்லை.

இதில், சனிக்கோளின் நிலவொன்றில் உடைந்த கப்பல்.
காற்று எல்லோருக்கும் போதாது.
எந்த அறைக் கதவை அடைப்பது என்று
கணினியிடம் கேட்கிறான் தலைவன்.
'அது நான்கு நொடி பேசாமல் இருந்தது.'

வைக்கே அந்த வரியிலேயே தேநீரை ஆறவிட்டாள்.
பிறகு அடுத்த வரியிலிருந்து
எல்லா 'அது'வையும் சிவப்பால் அடித்தாள்.

அவள் மொழியில்
அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்.
எனக்கு அந்த வசதி இல்லை.
என் இலக்கணம் வாசலிலேயே மறித்துக் கேட்கும்:
எந்தத் திணை?
உயர்திணை என்றால் ஆணா, பெண்ணா?
'அவர்' என்று போட்டுத் தப்பிக்கிறேன்.
மரியாதை கொஞ்சம் கூடிவிட்டது, போகட்டும்.

எழுத்தாளர் ஹெய்னோ படியேறி வந்தார்,
காலணியில் பனிச்சேறு, கையில் மெய்ப்புத்தாள்.
"இயந்திரம் இயந்திரம்தான், அம்மா.
உங்கள் வேலை எழுத்துப்பிழை."
"கணக்குப் போட அதற்கு ஒரு நொடிகூட வேண்டாமே.
பிறகு ஏன் நான்கு என்று எழுதினீர்கள்?"

சுவர்க் கடிகாரம் கேட்டது.
கீழே ஒரு டிராக்டர் கடந்தது.
அவள் எண்ணவில்லை என்று பின்னால் சொன்னாள்;
எண்ணினாள், பதினொன்று.
"இருக்கட்டும்" என்று சொல்லி
தொப்பியை மறந்துவிட்டுப் போனார்.

ஏப்ரலில் புத்தகம் வந்தது.
அச்சுக்கோப்பவனுக்கு அன்று காய்ச்சலோ, சம்பள நாளோ,
பாதித் திருத்தங்களே ஏறியிருந்தன.
நாற்பத்தேழாம் பக்கத்தில் 'அவர்' ஆனவர்
ஐம்பத்து மூன்றில், ஒரு வாக்கியத்தின் நடுவில்,
மறுபடி அது.

விமர்சகர்கள் யாரும் கவனிக்கவில்லை.
வோருவிலிருந்து, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி
கோடு போட்ட தாளில் கேட்டிருந்தாள்:
கப்பலில் பதினான்கு பேர் பிழைத்தார்கள், சரி.
ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில்
அவரைக் கொன்றது யார்?

கடிதம் வைக்கேயின் மேசைக்கு வந்தது.
எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.