கடல் கணக்கில் எழுதியவை

எண்ணெய்த்துணி விரித்த சமையலறை மேசை.
எனக்கு வெளிச்சம் வேண்டுமென்று
கடல் பக்கத்துத் திரையை விலக்கிவிட்டார் வெரீனா.
வெளியே குடா
பாதி உறைந்து, பாதி மனம் மாறிக் கிடக்கிறது.
நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரை, பிப்ரவரி.

ஆணுக்குச் சதுரம். பெண்ணுக்கு வட்டம்.
இறந்திருந்தால் குறுக்கே ஒரு கோடு.
நோய் உறுதியானால் உள்ளே கறுப்பு.
கொடிவழியைப் பென்சிலால்தான் வரைவேன்.
பதினோரு வருட நர்ஸ் வேலையில்
இதற்கென்று பேனா எடுத்ததில்லை.

முதலில் லியாண்டர். பத்தொன்பது.
மூன்று வாரம் முன்பு, ஹாக்கி அரங்கில்.
பந்தயம்கூட இல்லை, பயிற்சி.
அதுவும் முடிந்து,
சிதறிய வட்டுகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தவன்
யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே மண்டியிட்டான்.
விளையாடுகிறான் என்று நினைத்து
எதிரே நின்ற பையனும் விழுந்து காட்டினானாம்.
இதை இரண்டு முறை சொன்னார்.
அதிர்ச்சி கொடுக்கும் கருவி அலுவலறையில் இருந்தது.
அலுவலறை பூட்டியிருந்தது.
இதை ஒரு முறைதான் சொன்னார்.

சதுரம் போட்டேன். கோடு போட்டேன்.

இவனுக்கு முன்னால் இப்படி யாராவது?
"இல்லையே. எங்கள் ஆட்களைக் கொண்டுபோனதெல்லாம் கடல்."

சரி, கடலைச் சொல்லுங்கள் என்றேன்.

அண்ணன் சிரில், இருபத்தெட்டு, நண்டுப் படகில்.
அலை அடித்ததா?
"கண்ணாடி மாதிரி கிடந்த நாள்.
கூடையை இழுத்தவன் அப்படியே விளிம்பு தாண்டிப் போனான்."
அப்பா ஹெட்லி, முப்பத்தொன்பது,
உறைந்த குடாவைக் குறுக்கே நடந்து வந்தவர்.
பனி உடைந்ததா?
"உடையவில்லை. பனிமேலேயே கிடந்தார்.
குளிர் என்றார்கள்."
தாத்தா ஆம்ப்ரோஸ்,
கல்யாண வீட்டில் ஆடி முடித்துக்
காற்று வாங்கத் துறைக்குப் போனவரைத்
தண்ணீரில் எடுத்தார்கள்.
குடித்திருந்தாரா?
"ஐயோ, தேநீர் தவிர அவர்..."

அங்கே நின்றுவிட்டது.

என் பென்சில் மட்டும் கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது.
கோடு, கோடு, கோடு,
சாய்வு மாறாமல்.

"அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார்," என்றார் பிறகு,
யாரையோ காட்டிக்கொடுப்பது போல.
"இருபது வயது. துடுப்பு கையிலேயே இருந்ததாம்.
பையனுக்கு அவர் பெயரைத்தான் வைத்தோம்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
எழுந்துபோய்ச் சன்னலருகே நின்றார்.
"சிரிலுக்குப் பிறகு அம்மா மீன் தொட்டதேயில்லை.
எதைத் தின்று வளர்ந்ததோ என்பாள்.
முப்பது வருடம், இந்தக் கரையில், மீனில்லாமல்."
என்ன பதில் சொல்ல? நான் அழிப்பானைத் தேடுவது போல
பையைக் கிளறினேன்.

உங்களுக்கு மயக்கம் வந்ததுண்டா?
"மாடிப்படியில், இரண்டு தரம்.
ரத்தசோகை என்று மாத்திரை கொடுத்தார்கள்."
வட்டம்.

குளிர்பெட்டியில் சாய்ந்து
இவ்வளவு நேரமும் பேசாமலிருந்த ஜோலீன், பதினாறு,
அண்ணனின் காலுறை போட்டிருந்தவள்,
தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.
"இதுவா நான்?"
ஆமாம்.
"உள்ளே ஒன்றுமில்லையே."
இன்னும் தெரியாது. ரத்தம் எடுக்க வேண்டும்,
நெஞ்சில் கம்பிகள் ஒட்டிப் படம் எடுக்க வேண்டும்.
"கறுப்பாக இருந்தால்?"
இருந்தால், தோளுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள்.
பூட்டாத பெட்டி என்று சொல்ல வாயெடுத்து
வெரீனாவைப் பார்த்து விழுங்கினேன்.

அவள் நெடுநேரம் தாளைப் பார்த்தாள்.
பிறகு கேட்டது இது மட்டும்:
"படகுக்கு நேரமாச்சு. ஓடலாமா?"

வேண்டாம், நடப்போம்.

இறக்கத்தில் பனி உப்பு தூவிக் கிடந்தது.
படகு சங்கு ஊதியது, மறுபடியும் ஊதியது.
மூன்று பெண்கள் மெதுவாக வருவதைக் கண்டு
படகுக்காரர் கயிற்றை அவிழ்க்காமல் நின்றார்.
ஜோலீன் இரண்டு விரலைக் கழுத்தில் வைத்தபடியே வந்தாள்.
எண்ணவில்லை.
வைத்திருந்தாள்.