உப்புக் கணக்கு

ஜுபைல். கடலைக் குடிநீராக்கும் ஆலை.
உப்பை விரட்ட இங்கே ஆயிரம் சவ்வுகள்,
இரவும் பகலும் இரைகிற பம்புகள்.
ஆய்வகத்தில் நான் ஒருத்தி மட்டும்
உப்பைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறேன்.

குப்பிக்குள் இருப்பது தங்கம்.
நம்பமாட்டார்கள். மஞ்சள் எங்கே என்பார்கள்.
ஐம்பது நானோமீட்டரோடு வளர்ச்சியை நிறுத்திவிட்டால்
தங்கம் மாதுளைச் சாறு.
நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால்
கிலோக்கணக்கில் தொங்கியும் காட்டாத நிறம்.

ஒளி அலையாக வருகிறது.
மணிக்குள் அடைந்து கிடக்கும் எலக்ட்ரான் கூட்டம்
ஒருசேர ஒரு பக்கம் சாய்கிறது, மறுபக்கம் சாய்கிறது,
ஷிஃப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்
ரவுண்டானாவில் திரும்பும்போது
நின்றுகொண்டு வருகிறவர்கள் சாய்வதுபோல.
அலையின் தாளமும் கூட்டத்தின் தாளமும்
ஏதோ ஒரு நிறத்தில் ஒத்துப்போகும்.
அப்போது சாய்வு பெருகும்,
மணியின் விளிம்பில் மின்புலம் பொங்கும்.
பச்சை அதற்கே செலவாகிவிடும்.
நம் கண்ணுக்கு மிஞ்சுவது சிவப்பு.

ஒரு மணி போதாது.
இரண்டு வேண்டும், நெருங்கி, ஒட்டாமல்.
ஒட்டினால் மின்சுமை இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்துபோய்
பொங்கியது தணிந்துவிடும்.
தள்ளி நின்றால் ஒன்றுக்கொன்று அந்நியம்.
நடுவில் ஒரே ஒரு நானோமீட்டர் சந்து,
வந்த ஒளியெல்லாம் அதற்குள் நெரிபடும்.
அங்கே சிக்கிய மூலக்கூறு முனகினாலே போதும்,
கருவிக்கு அது அலறல்.

மணிகளோ ஒன்றையொன்று விலக்கித்தள்ளும் ஜாதி.
அவற்றைக் கிட்டே கொண்டுவரத்தான் உப்பு.
ஒரு சொட்டு: மாதுளை நாவல்பழமாகும்.
கூடிப்போனால் கறுப்பு வண்டல்.
தங்கம் அடியில் படுத்துக்கொள்ளும்,
யாரையும் காட்டிக்கொடுக்காது.

வெள்ளிக்கிழமை. ஆபீஸ் காலி.
பின்கதவில் தில்பகதூர், தண்ணீர் லாரி ஓட்டுகிறவன்.
கையில் ஜிப் பை, அதற்குள் கசங்கிய டிஷ்யூ.
கேம்ப்பில் மூட்டைப்பூச்சிக்கு மருந்தடித்தார்களாம்.
கீழ்க்கட்டில் பையனுக்கு மூன்று நாளாக வாந்தி.
அடித்தது வெறும் சோப்புத் தண்ணீர் என்கிறார்களாம்.
கட்டில் கம்பியைத் துடைத்து எடுத்துவந்திருக்கிறான்.
"இதில் ஒன்றும் தெரியவில்லை மேடம்," என்றான்,
தானே டிஷ்யூவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன்போல.

பெரிய கருவிக்கு மூன்று கையெழுத்து வேண்டும்.
என்னிடம் சின்ன லேசரும் இந்தச் சிவப்புக் குப்பியும்.
டிஷ்யூவைப் பாதியாகக் கிழித்து
ஆல்கஹாலில் அலசினேன்.
தங்கமில்லாமல் பார்த்தேன்: தட்டைக் கோடு,
ஆலைக்கு வெளியே விரியும் மணல்வெளி.
தங்கம் சேர்த்தேன். உப்பு.
கை நடுங்கிற்று.
கறுப்பு வண்டல்.

கதவோரம் நின்றவன் ஒன்றும் கேட்கவில்லை.
தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

மிச்சப் பாதி.
மூச்சைப் பிடித்து ஒரு சொட்டு.
சிவப்பு, ஊதா, நீலத்தின் ஓரம். போதும்.
லேசரை வைத்தேன்.
மணல்வெளியில் ஒரு முள் எழுந்தது.
பக்கத்தில் இன்னொன்று, குட்டையாக.
பிறகு நூலகப் பதிவோடு ஒத்துப்பார்க்க
அவசியமே இல்லாத அளவுக்கு ஒரு மூன்றாவது.
ஒத்துப்பார்த்தேன்.
சோப்புக்கு இந்தக் கைரேகை கிடையாது.

தாளை நான்காக மடித்து
சட்டைப்பைக்குள் வைத்தான், பொத்தானும் போட்டான்.
"க்ளினிக்கில் முதலில் காட்டு" என்றேன்.
அதற்குப் பிறகு யாரிடம் என்று
இருவருக்குமே தெரியவில்லை.
லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

பதிவேட்டைத் திறந்தேன்.
உப்புக் கரைசல், செலவு: நிறைய ஒருமுறை, ஒரு சொட்டு ஒருமுறை.
காரணம் என்ற கட்டத்தில்
குடிநீர்ச் சோதனை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன்.
அடித்தேன்.
அடித்தது தெரியும்படி
பக்கத்தில் எழுதினேன்:
அறை பதினான்கு, கீழ்க்கட்டில்.