உலர்த்தும் அறை

கறுப்பாகத்தான் வாங்கினேன்.
தம்பெரே நகரில் பாதிப் பேர் தோளில் தொங்குகிற கறுப்பு.
விற்றவன் முகம்கூட ஞாபகமில்லை,
உறையின் பையில் அவனுடைய டிராம் சீட்டு மட்டும்.

கழுத்தைக் கழற்றினேன். நாலே திருகாணி,
இத்தனை லேசாகவா ஒட்டியிருக்கிறது ஒரு கழுத்து.
சமையலறையில் உட்கார்ந்து உடலைத் தேய்த்தேன்,
உப்புத்தாள் எண்பதில் தொடங்கி நானூறு வரை.
கறுப்புக்குக் கீழே சிவப்பு.
சிவப்புக்குக் கீழே ப்ரைமரின் வெள்ளை.
அதற்கும் கீழே, முழங்கை படும் இடத்தில்,
யாரோ ஆணியால் கீறிய தொலைபேசி எண்.
பார்ப்பதற்குள் கடைசி இலக்கத்தைத்
தேய்த்துவிட்டிருந்தேன்.

பிப்ரவரி. பால்கனியில் மைனஸ் பதினெட்டு.
ஸ்ப்ரே டப்பா ஒருமுறை இருமிவிட்டு ஓய்ந்துபோனது.
ஆகவே நடுராத்திரியில் நிலவறைக்கு,
அடுக்ககம் முழுக்கத் துணி உலர்த்தும் அறைக்கு.
கோட்டு மாட்டியில் தொங்கவிட்டு அடித்தேன்,
யாருடையவோ காலுறைகளுக்கும்
ஒரு படுக்கை விரிப்புக்கும் நடுவே.
என்ன பச்சை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
ஏரி உருகுகிற வாரத்தில்
பனிக்கட்டியின் ஓரத்தில் ஒரு நிறம் வருமே.
டப்பாவில் போட்டிருந்த பெயர்: டிராக்டர்.

பிறகு சத்தம்.
குழிக்குள் செம்புத் தகடு ஒட்டி
நகத்தால் நீவினேன், சாக்லேட் காகிதத்தை நீவுவதுபோல.
இனி அந்த உர்ர்ர் வராது.
பழைய பிக்கப்பைப் பிடுங்கினேன். புதியதன் காந்தம்
மேசையில் கிடந்த திருகாணிகளையெல்லாம்
கல்யாணத்துக்கு வந்த சொந்தம் மாதிரி
சுற்றி உட்காரவைத்துக்கொண்டது.
வழுவழுப்பான தந்தி நாலு.
தந்திக்கடியில், பாலத்தை ஒட்டி,
பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு.
தட்டிப் பார்த்தேன்.
டூம் என்று நீளாமல்
தும் என்று உட்கார்ந்தது,
கனத்த மனிதர் ஒருவர்
எழுந்திருக்கும் யோசனை இல்லாமல்
நாற்காலியில் அமர்வதுபோல.

ஆறு வாரம். இருநூற்று எழுபது யூரோ.
ஒத்திகையில் மூன்று பாட்டு முடிந்த பிறகு
யல்மாரி டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து தலை நீட்டினான்:
"என்னமோ மாறியிருக்கு. முடி வெட்டினியா?"
ஸான்னாவுக்குத் தன் மைக் மட்டும்தான் கேட்கும்.
கிட்டார்க்காரன் கூர்ந்து பார்த்துச் சொன்னான்:
"பச்சை."

தாழ்ப்பாள் மாதிரிதான் பேஸ்.
சாத்தியிருக்கும்வரை
யாரும் அதைப் பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம்.
பக்கத்து வீட்டு ராக்கெல் ஹூட்டியாய்னென்,
இரவுப் பேருந்து ஓட்டுகிறவள், பகலில் தூங்குகிறவள்.
மூன்று வருடத்தில் எங்களுக்குள்
லிஃப்டில் இரண்டு தலையசைப்பு.
கையில் படுக்கை விரிப்பு,
ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு டிராக்டர்.
மன்னிப்புக் கேட்டேன். பர்ஸை எடுக்கத் திரும்பினேன்.
"கறை பழசு," என்றாள். "அதுக்கு வரலை."
வாசலிலேயே நின்றாள், பூட்ஸில் பனி சொட்ட.
"ஆறு வாரமா சுவர் சும்மா கிடந்தது,
வெளியூர் போயிருப்பேன்னு நெனச்சேன்.
இப்போ தும் தும்னு வருது.
ஆனா நடுவுல ஒரு உர்ர்ர் இருக்குமே,
வாசிக்காதப்பவும்,
அது எங்கே?"
எஞ்சின் ஓடும்வரைதான் தூக்கமாம் அவளுக்கு,
அணைத்தால் விழித்துக்கொள்வாளாம்.

செம்பை நான் உரிக்கவில்லை.
அவ்வளவு நல்லவன் இல்லை,
இரண்டு நகம் போயிருக்கிறது அதற்கு.
ஸ்பாஞ்சை மட்டும் உருவிவிட்டு,
ஆம்ப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி,
தடித்த தந்தியை ஒருமுறை தட்டினேன்.
தானாக அடங்கும்வரை கை வைக்கவில்லை.
அந்தப் பக்கம் கட்டில் ஒருமுறை முனகியது.
பிறகு ஒன்றுமில்லை.
இன்னொரு முறை தட்டினேன்.

விரிப்புக்குப் பதினைந்து யூரோ வாங்கிக்கொண்டாள்.
புதிது வாங்கவில்லை.
சனிக்கிழமை உலர்த்தும் அறையில் அதே விரிப்பு,
துவைத்த ஈரத்தில் பச்சை
இன்னும் பளிச்சென்று.