இடது விளக்கு

கர்தபானி சாலையில் நவம்பர் மாதம் மாடு குறுக்கே வந்தது.
மாட்டுக்கு ஒன்றுமில்லை.
என் பிரியஸுக்கு இடது கண் போயிற்று.

ருஸ்தாவி சந்தையில் பழைய விளக்கு முந்நூற்றைம்பது லரி.
புதுசு, வேறு கம்பெனி, நூற்றிருபது.
"அசல் மாதிரியேதான், லம்ஸீரா" என்றான் கோச்சா.
அந்த 'மாதிரி'யை நம்பி எண்ணிக் கொடுத்தேன்.

முதல் மழைக்கே உள்ளே வேர்த்தது.
வெளியே துடைக்கத் துடைக்க
கைக்கெட்டாத பக்கத்தில் நின்று பழிப்புக் காட்டியது ஈரம்.
மேல் விளிம்பில் புகை,
நடுவில் முத்து முத்தாக,
அடியில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர்.
பிரேக் போட்டால் முன்னே ஓடும்,
கிளம்பினால் பின்னே.
திபிலிசி ரயிலடியில் ஏறிய ஒருவர் குனிந்து பார்த்துக் கேட்டார்:
"மீன் வளர்க்கிறீர்களா?"

பத்ரி சிலிக்கான் குழாயோடு வந்தான்.
என் கணவனுக்கு எந்தக் கசிவுக்கும் ஒரே வைத்தியம்.
பாத்திரத் தொட்டி, பால்கனிக் கண்ணாடி,
ஒருமுறை அவனுடைய பூட்ஸ்.
விளிம்பு முழுக்கப் பூசினான்.
பின்னால் தெரிந்த ஓட்டையையும் விட்டு வைக்கவில்லை.
"இனி எறும்பின் மூச்சுகூட நுழையாது."
நுழையவில்லைதான்.
இருந்த மூச்சும் வெளியேறவில்லை.
காலையில் பார்த்தால்
கண்ணாடி முழுக்கப் புரை விழுந்த வெள்ளை.

பரிசோதனைச் சாவடியில்
ஒளி சிதறுகிறது என்று தாளில் எழுதித்
திருப்பி அனுப்பினார்கள்.
வெள்ளிக்கிழமை மறுபடி வா.

கார் கழுவுமிடத்தில் வரிசை நகரவில்லை.
சும்மா இருக்க முடியாமல் பானெட்டைத் திறந்தேன்.
வலது விளக்கு, அமெரிக்காவில் யாரோ ஓட்டிய காலத்திலிருந்து இருப்பது,
கப்பலில் வந்தது,
பன்னிரண்டு வயது,
கீறல் உண்டு, ஈரம் இல்லை.
முதுகுப் பக்கம் கைவிட்டுத் தடவினேன்.
சுண்டுவிரல் மடங்கியது போல் ஒரு ரப்பர் குழாய்,
வாய் தரையைப் பார்த்தபடி.
இடது விளக்கில் அதே இடத்தில்
பத்ரியின் சிலிக்கான் கட்டி,
வெள்ளையாக, பெருமையாக.

அப்புறம் யாரையும் கேட்கவில்லை.

பம்பருக்குப் பதினோரு கிளிப். இரண்டு உடைந்தன.
பல்புகளைக் கழற்றி
விளக்கை அடுப்புக்குள் வைத்தேன்,
ஞாயிற்றுக்கிழமை ஹச்சாப்புரி வேகும் அதே தட்டில்.
தொண்ணூறு டிகிரி, பத்து நிமிடம்.
ஓரத்துப் பசை இளகி
சுல்குனிச் சீஸ் போல நூல் நூலாக இழுபட்டது.
வீடெல்லாம் டயர் வாசனை.
பத்ரி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு
நின்றபடியே ரொட்டி தின்றான்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் அந்த வெள்ளைக் கட்டியை
அவன் பார்க்கும்படி மேசையில் வைத்தேன், அவ்வளவுதான்.

உள்ளே ஒரு செத்த கொசு.
எனக்குத் தெரியாத எழுத்தில் பச்சை ஸ்டிக்கர் ஒன்று,
'சோதித்தாயிற்று' என்பதாக இருக்கலாம்.

தலை உலர்த்தும் மெஷின் அரை மணி நேரம் ஓடியது.
பழைய பசையைச் சுரண்டிப் புதுப் பசையைத் திரியாக உருட்டி இட்டேன்.
அவன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டான்,
நான் அழுத்தினேன்.
பிறகு வளர்ப்புப் பிராணிக் கடைக்குப் போய்
காற்றுக் குழாய் ஒரு சாண் கேட்டேன்.
"தொட்டி எவ்வளவு பெரிசு?" என்றாள் கடைப்பெண் நேஸ்தன்.
"ஒரு தேக்கரண்டி."
சிரிக்காமல் வெட்டிக் கொடுத்தாள்.
ஓட்டையில் செருகி, கீழ்நோக்கி வளைத்து,
வாயில் துளி ஸ்பாஞ்ச் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாவடிக்காரர்
விளக்கை இரண்டாம் தடவை பார்க்கவேயில்லை.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

இப்போதும், ஆற்றிலிருந்து பனி ஏறும் விடியலில்
ஓரத்தில் நாணயமளவு மூட்டம் கட்டும்.
பத்து நிமிடம் ஓடினால் குழாய் வழியே போய்விடும்.
அது போவதற்குள்
அந்த மூட்டத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை தெரிகிறது,
உள்பக்கம், துடைக்க முடியாத இடத்தில்.
உன்னுடையது என்கிறான் பத்ரி.
சைபால் அலுவலகத்தில் போய்
ஒப்பிட்டுப் பார்ப்போமா என்கிறேன் நான்.
கை நீட்டிக் காட்டச் சொன்னால்
பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்கிறான்.