இடுப்பு உயரம்

ஷோரூம் பையன் கையில் பலகை மாதிரி ஒரு திரை.
எத்தனை டன், எத்தனை வருஷத் தவணை,
பின்னால் பார்க்கக் கேமரா, முன்னால் ஏ.சி.
அவன் சொல்லிக்கொண்டே இருக்க
நான் வண்டிக்குப் பின்பக்கம் போய் நின்றேன்.
தட்டு என் நெஞ்சுக்கு வந்தது.

"இதைவிடத் தணிவா ஒண்ணும் இல்லையா தம்பி?"
"தணிவாவா? அதை யாரும் கேக்கிறதில்லைம்மா."

கேட்கிறவள் முன்னால்தான் நிற்கிறேன்.

என் குட்டியானையின் தட்டு இடுப்புக்கு நிற்கும்.
இலைக்கட்டை இடுக்கியபடி வந்து
லேசாகச் சாய்த்தால் போதும்,
அதுவே சறுக்கிக்கொண்டு உள்ளே போகும்.
செல்லையா திருப்பூரிலேயே தங்கிவிட்ட பிறகு
கூலிக்கு ஆள் வைக்காமல் பதினோரு வருஷம்
தென்கரையில் அறுத்த இலையை
யானைக்கல்லில் கொண்டுபோய்ப் போட்டேன் என்றால்
அந்த உயரத்தால்தான்.
விளம்பரத்தில் மைலேஜ் போட்டிருந்தான்.
இதைப் போடவில்லை.

பார்க்க ஒன்றும் இருக்காது.
மூஞ்சி சோப்பு டப்பா.
சக்கரம் நாலும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினது போல.
சமயநல்லூர் ஏற்றத்தில் இரைக்கும்.
டவுன்பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்துச் சிரிப்பான்.
சிரித்துக்கொண்டே போய் அவன்
சிம்மக்கல் நெரிசலில் மாட்டிக் கிடக்கும்போது
நான் இரண்டு சந்து மாறி, இலையை இறக்கி,
டீயும் குடித்திருப்பேன்.

ஒருநாள் தேனூர் விலக்கில் நின்றுபோனது.
சிக்கந்தர் சைக்கிளில் வந்தான்.
சீட்டைத் தூக்கினான். அடியில் எஞ்சின்,
அடுப்படி மாதிரி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.
ஒரே ஒரு ஸ்பேனர், என் பழஞ்சேலையில் அரை முழம்.
குழாயில் வாய் வைத்து உறிஞ்சி
டீசலைத் துப்பிவிட்டு, "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கக்கா" என்றான்.
எண்பது ரூபாய்.
இப்போது வருகிற சின்ன வண்டிக்கு
லேப்டாப்பைச் செருகினால்தான் என்ன நோயென்று தெரியுமாம்.
சிக்கந்தர் அதைத் தொடுவதில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன்.
சித்திரையில் அந்த சீட்டு தோசைக்கல்.
மழையில் கதவோரம் ஒழுகி
இடது தோள் எப்போதும் ஈரம்.
பிரேக்கை மிதித்துவிட்டுக் கருப்பசாமியைக் கூப்பிட வேண்டும்.

மண்டிக்காரர் சொல்லிவிட்டார்:
"ஒரு டன்னுக்குக் குறைஞ்சு வந்தா இறக்க மாட்டேன்."
எஃப்.சி.க்கு வேறு நாற்பதாயிரம் செலவு காட்டினார்கள்.
அழவெல்லாம் இல்லை.
எழுபத்தைந்தாயிரத்தை இரண்டு தரம் எண்ணி
ரப்பர் பேண்ட் போட்டேன்.

பெரிய வண்டி வந்தது. மாலை போட்டோம், பூசணி உடைத்தோம்.
ஏற்ற ஒரு ஆள், அவனுக்கு ஐந்நூறு.
நெஞ்சுயரத்துக்கு அவன் தூக்குகிறான்,
நான் கீழே நின்று எண்ணுகிறேன்.

முதல் நடை. கல்பாலம் தாண்டியதும் போலீஸ் கை காட்டினார்.
"இது உள்ள போகாதும்மா. பகல்ல தடை.
இங்கயே மாத்தி ஏத்திக்க."

பாலத்தோரம் வரிசையாகக் குட்டியானைகள்,
நடைக்கு இருநூறு.
மூன்றாவது வண்டியின் பின்விளக்கில்
நான் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு.
சிக்கந்தரின் தங்கை மகன் யாசின் பல் குச்சியோடு இறங்கினான்.
"ஏத்துங்க அத்தே, உங்க வண்டிதானே."

கல்யானையே கரும்பு தின்ற ஊர் இது.
கிழடென்று நான் விற்றது
பெரிய வண்டியின் இலையை
நாலு வாயாகத் தின்று முடித்தது.
கூலியாள் மேலிருந்து தள்ளத் தள்ள
நான் இடுப்பில் வாங்கி உள்ளே சாய்த்தேன்.
எத்தனை நாளாயிற்று, உடம்பு மறக்கவில்லை.

கடைசியில் பின்கதவுச் சங்கிலி மாட்டவில்லை.
யாசின் இழுத்தான், திட்டினான், கல்லைத் தேடினான்.
"தள்ளு" என்று
கொக்கிக்குக் கீழே முழங்காலால் ஒரு இடி.
மாட்டிக்கொண்டது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தே."

சொல்லியிருக்கலாம்.
நூற்றைம்பதுக்கு வருகிறாயா என்று கேட்டேன்.