உள்தையலில் இரண்டு அங்குலம்

கேதாரகௌரி கச்சேரியில் கிளார்க்.
வருஷத்துக்கு இரண்டு மூன்று பஞ்சாபி
மத்திய வீதியில் என்னிடம்தான் தைப்பாள்.
கொப்பியில் அவள் கழுத்து
ஆறரை அங்குலம் இறக்கம்.
போன தையில் ஐந்து.
இன்று சாலை விலக்காமலே,
"கழுத்தை மூடித் தையுங்கோ அக்கா."

கச்சான் காற்று கொதிக்கும் வைகாசியில்.

நான் முதலில் தேடியது கண்டல்.
தையற்காரிக்கு அது பழக்கம்.
விரல் பதிந்த தோள், பெல்ட் பட்ட முதுகு,
கதவில் இடிச்சிட்டன் என்று சொல்லும் முழங்கை,
எல்லாம் என் நாடாவுக்குக் கீழேதான் போகும்.
நான் எழுதுவது அளவை மட்டும்.

கண்டல் இல்லை.
காறை எலும்புக்குக் கீழே
குண்டூசித் தலையளவு ஒரு சிவப்பு.
அதிலிருந்து எல்லாப் பக்கமும் ஓடும்
மயிரிலும் மெல்லிய நூல்கள்.
எட்டுக்கு மேலேயே இருக்கும், எண்ணவில்லை.
கொஞ்சம் தள்ளி இன்னொன்று.
கழுத்துச் சரிவில் ஒரு குட்டி.

பெருவிரலால் நடுவை அமத்தினேன்.
வெளுத்தது.
விரலை எடுத்தேன்.
நடுப்புள்ளி முதலில் சிவந்தது,
பிறகு கால்கள் வெளியே ஓடின,
கரண்ட் வந்ததும் சந்தியிலிருந்து
ஒழுங்கை ஒழுங்கையாய் வெளிச்சம் போகிற மாதிரி.

"தங்கச்சியின்ர மனுசன் பார்மசியில நிக்கிறவர்.
குடிகாரருக்குத்தான் இது வரும் எண்டார்,
எல்லாருக்கும் முன்னால, சிரிச்சுக்கொண்டு.
நீங்களே சொல்லுங்கோ அக்கா,
வீட்டில குடிக்கிறது அவர்.
எட்டுக்கால் எனக்கு."

இருவரும் சிரித்தோம். நல்ல சிரிப்பில்லை.

என் அப்பாவின் நெஞ்சில் பதினொன்று இருந்தது.
திருக்கடலூரில் கரைவலை இழுத்தவர்,
கசிப்பில் முடிந்தவர்.
கடைசி மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில்
ஒரு புது டாக்டர்ப் பெடியன்
கண்ணாடிச் சில்லை வைத்து அமத்தி அமத்திப் பார்த்தான்.
அப்பா கூச்சத்தில் நெளிந்தார்.
வயிறு அப்போது நிறைமாதம் போல.
ஊசி குத்தி நாலு போத்தல் தண்ணீர் எடுத்தார்கள்.

எனக்கும் ஒன்று வந்தது,
இருபத்தாறு வயதில், நாலாம் மாதம்.
பிள்ளைத்தாச்சிக்கு வரும்,
பிறந்ததும் போயிடும் என்றாள் மருத்துவமாது.
பிள்ளை போயிற்று.
எட்டுக்கால் நின்றுவிட்டது,
இடது தோளில், சட்டைக் கை மூடும் இடத்தில்.

இதெல்லாம் அவளுக்குச் சொல்லவில்லை.
இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டேன்.
தையில் இருபத்தொன்பது.
இன்று முப்பத்திரண்டரை.
கையும் கன்னமும் மட்டும் மெலிந்திருக்கின்றன.

நாடா எண்ணைச் சொல்லும்.
எதனால் என்று சொல்லாது.
நாற்பத்தொரு வயதில்,
பதினாறு வருஷம் கோயில் கோயிலாய்க் கேட்டது
வந்திருக்கிறதா,
இல்லை, அப்பாவுக்கு வந்தது வந்திருக்கிறதா.
குடிக்காதவருக்கும் ஈரல் கெடும் என்று
அந்தப் பெடியன்தான் சொன்னான்,
நான் கேட்காமலே.

"கிளினிக்குக்கு ஒருக்காப் போங்கோ."
"இதுக்கோ?"
"இதுக்குத்தான்."
போகாமல் நின்றாள்.
என் முகத்தில் எதையோ அளந்தாள்.
"நல்லதுக்கோ, கெட்டதுக்கோ அக்கா?"
என் வாயில் குண்டூசிகள் இருந்தன.
வசதியாய்ப் போயிற்று.

அவள் போன பிறகு வாசலில் வழக்கமான மான்,
கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும்
ஒற்றைக் கொம்புக் கிழடு.
கூடைக்குள் தலையை விட்டு
அவளுடைய பழைய கடதாசி வெட்டை
ஆறரை அங்குலக் கழுத்தோடு மென்றது.
முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி,
எந்த விரல் அமத்தினாலும் போகாதது.
விரட்டவில்லை. அந்த அளவு இனி எதற்கு.

துணியை விரித்தேன். நீலம், சின்னப் பூ.
கழுத்தை மூடவில்லை,
ஐந்தில் வெட்டினேன். ஏசுவாள், ஏசட்டும்.
பக்கத் தையலில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டேன்,
எதுவானாலும் பிரித்துப் பெருப்பிக்கலாம்.

புதன்கிழமை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.
கிளினிக்கும் புதன்தான்.