நூற்று நாற்பத்தொரு கிலோ

நவுருவில் சாலை ஒன்றுதான்.
அரை மணி நேரம் ஓட்டினால்
கிளம்பிய இடத்திலேயே இறக்கிவிடும்.
அதற்கு என் மாமா புராரோ மூன்று கார் வைத்திருந்தார்.
நான்காவதும் உண்டு.
பஞ்சரானதும் புதரோரம் விட்டுவிட்டு
வேறு வாங்கிக்கொண்டதால்
கணக்கில் சேராது.

பறவை எச்சம் இறுகிய மண்.
தீவின் நடுவயிற்றைத் தோண்டித் தோண்டிக்
கப்பலேற்றினோம்.
தெற்கே யாருடைய மேய்ச்சல் நிலத்திலோ தூவினார்கள்.
புல் வந்தது. ஆடு மேய்ந்தது.
நல்ல கறியை அவர்கள் வைத்துக்கொண்டு
நாய்க்குப் போடவும் யோசிக்கும் விலாக்கொழுப்பை
உறையவைத்து எங்களுக்கு விற்றார்கள்.

துறைமுகத்தில் அந்தப் பெட்டிகளை இறக்குவது என் வேலை.
கடைக்காரன் ரம்பத்தால் அறுப்பான்,
வெள்ளைத் தூள் பறக்கும்.
பாஸ்பேட்டும் அப்படித்தான் பறந்ததாம்.
போன தீவு இப்படித் திரும்பி வருகிறது,
தவணை முறையில்,
எங்கள் இடுப்புக்கு.

ஃபிஜிக்கார நர்ஸ் லிட்டியா
தராசைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
"நூற்று நாற்பத்தொன்று. நட, ரெனியர்."

எங்கே நடக்க?
நடுவில் போனால்
தோண்டி மிஞ்சிய கல்முனைகள் அடுப்பாய்த் தகிக்கின்றன.
ஓரமாய்ப் போனால் கடல்.
போன மாதம் ஏறிய அலையில்
கல்லறைச் சுவர் சாய்ந்து
பெரியம்மாவின் சிலுவை சாலையில் கிடந்தது;
இரண்டு கார்கள் அதைச் சுற்றிக்கொண்டு போயின.
வீட்டுக்குள் இருந்தால் ஏசி,
ஏசிக்கு டீசல்,
டீசலுக்குக் கப்பல்.

"என் மூன்று காரா கடலைத் தூக்கிவிட்டது?"
மாமா கேட்டார்,
கால் எடுப்பதற்கு முந்தின இரவு.
இல்லை மாமா.
ஆனால் சாலையுள்ள ஊரிலெல்லாம்
பஞ்சர் ஒட்டச் சோம்பி
இன்னொன்று வாங்கிய மாமா ஒருவர் இருக்கிறார்.
இதை நான் சொல்லவில்லை.
போர்வையை இழுத்துவிட்டேன்,
இரண்டு கால்களின் மேலும்.

பொழுது சாய்ந்தால் விமான ஓடுபாதையில் நடக்கிறோம்,
பாதி ஊர்.
இன்று விமானம் இல்லை.
மூச்சிரைக்கிறது, பேச்சும் சிரிப்பும் நிற்கவில்லை,
யாரோ யாருடைய பின்பக்கத்தையோ
சரக்கு விமானம் என்கிறார்கள்.
பாதை முடிகிற இடத்தில் உப்புத்தண்ணீர் தேங்கியிருக்கிறது.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
திரும்புகிறோம்.

இந்த மாதம் ஒரு கிலோ குறைந்தேன்.
லிட்டியா குறித்துக்கொண்டாள்.
தீவு எவ்வளவு குறைந்தது என்று
குறித்துக்கொள்ள அவளிடம் கட்டம் இல்லை.

நாளைக்குக் கப்பல் வருகிறது.
பசிக்கிறது.